பழகினவர்கள் ஏறும் படகு

எங்கள் வீட்டு ஆண்களுக்கு ஒரே ஒரு சொல் வாயில் வராது. கெட்ட வார்த்தையெல்லாம் தாராளமாக வரும். ‘தெரியாது’ என்பது மட்டும் வராது.

வயிற்றெரிச்சலில் சொல்வதாக நினைக்க வேண்டாம். எங்கள் பட்டறையின் சட்டமே அதுதான். ஏ.சி. பொருத்துவதும் பழுது பார்ப்பதும் குடும்பத் தொழில். ஆரம்பித்து வைத்தவர் என் மாமனார். “என்ன கேட்டாலும் ‘ஆகும்’னு சொல்லு, எப்படி ஆகும்னு அப்புறம் பாத்துக்கலாம்” என்பது அவருடைய வாக்கு. அவர் போய்ச் சேர்ந்த பிறகு என் கணவரின் அண்ணன் அதைக் கட்டிக் காப்பாற்றி வருகிறார். அவரைப் பெரியவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒரு தடவை பூக்கடைக்காரர் ஒருவர் வந்து, பூ வாடாமல் இருக்க ஒரு குளிர் அறை அமைத்துத் தர முடியுமா என்று கேட்டார். அதுவரை குளிர் அறை ஒன்றை நாங்கள் யாரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. “ஆகும்” என்றார் பெரியவர். ஆனது. மறுநாள் காலையில் ரோஜாக்கள் விறைத்துப்போய், மேசையில் தட்டினால் டக்கென்று சத்தம் வந்தது. “முதல் நாள் அப்படித்தான் இருக்கும்” என்று பெரியவர் முகம் மாறாமல் சொன்னார். அந்த மனுஷரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

சும்மா குறை சொல்லக்கூடாது. பிறகு ராப்பகலாக உட்கார்ந்து அந்த அறையைச் சரி செய்து கொடுத்தார்கள், இன்றைக்கும் ஓடுகிறது. எங்கள் தொழிலில் அந்தச் சவடால் செல்லும். தப்பாகப் போனால் கழற்றி மறுபடி மாட்டலாம். செம்புக் குழாய்களைப் பற்றவைத்து ஒட்டுவது பட்டறையில் என் வேலை. ஒட்டியதும் உள்ளே காற்றை அழுத்தி, மேலே சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பேன். குமிழ் வந்தால் கசிவு, மறுபடி ஒட்டு. அவ்வளவுதான் விஷயம், யாரும் செத்துப்போக மாட்டார்கள்.

வெயில் கால அலைச்சல் முடிந்ததும் ஷட்டரை இறக்கிவிட்டுக் குடும்பத்தோடு எங்காவது போய் வருவது வழக்கம். எங்கே என்று பெரியவர் முடிவு செய்வார், மற்றவர்கள் பை கட்டுவோம். இந்த முறை யாரோ ஒரு வாடிக்கையாளர் அவர் காதில் போட்டுவிட்டார், சீறிப் பாய்கிற ஆற்றில் ரப்பர் படகில் போவது பற்றி. ஒரு மத்தியானம், பட்டறையில் எல்லோரும் இருக்கும்போது, படகு கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

போனில் பேசியவர் பொறுமைசாலி. “மொத்தம் அஞ்சு நிலை இருக்கு சார். ஒண்ணாவதுல தண்ணி சும்மா நகரும், சின்னக் குழந்தைங்களும் வயசானவங்களும் போலாம். ரெண்டாவதுல சின்னச் சின்ன அலை இருக்கும், புதுசா வர்றவங்களுக்கு அதுதான் சரி. மூணாவதுக்கு ஏற்கெனவே போயிருந்தா நல்லது. நாலாவது பழகினவங்களுக்கு மட்டும். படகு கவுந்தாலும் கவுழும், தண்ணிக்குள்ள போனா பதறாம இருக்கத் தெரியணும். அஞ்சாவதை விடுங்க. நீங்க முன்னாடி போயிருக்கீங்களா சார்?”

“அஞ்சு பேர் வர்றோம். எல்லாரும் பழகினவங்கதான். நாலாவதே போடுங்க” என்றார் பெரியவர்.

“பழகினவங்கன்னா கரையில குடுக்கற தண்ணிப் பயிற்சி வேணுமா சார்? இல்ல, நேரா இறங்கிடறீங்களா?”

“நேரா இறங்கிடறோம்.”

அவர் போனை வைத்ததும் நான் கேட்டேன். “நாம எப்ப மாமா பழகினோம்?”

“பாரும்மா, அஞ்சு படி இருந்தா நாலாவதுல நிக்கறதுதான் மரியாதை. அஞ்சுல நின்னா திமிருன்னுவான். மூணுல நின்னா பயந்துட்டான்னுவான்.”

“முதல் படியில கால் வெக்காம நாலாவது படிக்கு எப்படி ஏறுவீங்க?”

“சும்மா இரு” என்றாள் அவர் மனைவி, என் ஓரகத்தி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பெரியவர் தன் கடைசித் தம்பியைப் பார்த்தார். என் கொழுந்தனுக்குப் பட்டறையில் ‘சரிண்ணே’ என்று பெயர். அவன் வாயிலிருந்து வேறு எதையும் யாரும் கேட்டதில்லை. இப்போதும் அதையே சொன்னான்.

என் வீட்டுக்காரர் விசிறி இறக்கைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ‘தண்ணிக்குள்ள போனா’ என்று போனில் கேட்டபோது அவர் கை நின்றது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

அவருக்கு முகத்தில் தண்ணீர் பட்டால் மூச்சு நின்றுவிடும். பயம் என்று சொல்லிவிட முடியாது, அதைவிட மோசம். தொண்டை அடைத்து, கண் செருகி, கை காற்றைத் தேடும். கல்யாணமான புதிதில் ஒரு விடுதியில் நான் தெரியாமல் ஷவரைத் திருப்பிவிட்டேன். ஆறடி உயர மனுஷர் குளியலறைத் தரையில் உட்கார்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டு இழுத்த இழுப்பைப் பார்த்து நான்தான் செத்துப் பிழைத்தேன். வீட்டில் கழுத்துக்குக் கீழேதான் ஊற்றிக்கொள்வார், முகத்தை ஈரத் துண்டால் துடைத்துக்கொள்வார். ஏன் இப்படி என்று அன்றைக்குக் கேட்டேன். “தெரியாது” என்றார். அந்த வீட்டு ஆண் ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அவர் அண்ணனுக்கு இது தெரியாது. யாருக்கும் தெரியாது.

ஊருக்குப் பை கட்டும்போது பேச்சை எடுத்தேன்.

“உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க.”

“என்னன்னு சொல்றது? மூஞ்சி கழுவ மாட்டேன்னா?”

“அப்படியே சொல்லுங்க. ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சும்மாவா சொன்னாங்க? ஆறு உங்க அண்ணன் பேச்சைக் கேக்காது.”

“லைஃப் ஜாக்கெட் குடுப்பாங்க. நடுவுல உக்காந்துக்கறேன். குனிஞ்சுக்கறேன்.” சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “அண்ணன் இல்லேன்னா நான் இல்ல. அப்பா போனப்புறம் என்னைத் தூக்கி நிறுத்தினது அவரு. அவர் முன்னாடி நான் இப்படி நிக்க மாட்டேன். நீயும் சொல்லக்கூடாது. என் தலைமேல சத்தியம் பண்ணு.”

“எந்தத் தலை? நாளைக்குத் தண்ணிக்குள்ள போகப்போற தலையா?”

அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். உங்கள் விஷயத்தைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போதே பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். அன்று எனக்கு வந்ததற்குக் கோபம் என்ற பெயர் போதாது. கட்டின புருஷனை ஆற்றில் விட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு கரையேறி வர நான் என்ன மரக்கட்டையா?

ஆறு இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே நுழைகிற இடத்தில் படகு கம்பெனியின் தகரக் கொட்டகை இருந்தது. கொட்டகைக்கு முன்னால் ஆறு அகன்று குளம்போல அமைதியாகக் கிடந்தது. ஆனால் அந்தப் பக்கம் பாறைக்குள்ளிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் நிற்பவரோடு பேச வேண்டுமென்றால் காதருகில் வாயை வைக்க வேண்டும். நாலாவது நிலை அதுதான். அந்த இடுக்கைத் தாண்டி ஆறு கொஞ்சம் சாந்தமாகும் இடத்தில் மூன்றும் இரண்டும். இன்னும் கீழே, சமவெளியில், ஒன்று. எல்லாப் படகும் கடைசியில் ஒரே மணல்கரைக்குத்தான் போய்ச் சேரும். இதெல்லாம் கொட்டகைச் சுவரில் பெரிய படமாக வரைந்து வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் அதன் முன்னால் நின்று படித்தேன்.

எங்கள் படகை நடத்தப்போவது ஒரு பெண். மூக்கில் வெள்ளையாகக் களிம்பு, கரகரத்த குரல். கொட்டகையில் எல்லோரும் அவளை கேப்டன் என்று கூப்பிட்டார்கள். எங்கள் ஐந்து பேரையும் வரிசையாக நிற்கவைத்து, லைஃப் ஜாக்கெட் வார்களை இழுத்து இறுக்கிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

“கடைசியா எந்த ஆத்துல போனீங்க சார்?”

“அது… நிறைய ஆறு” என்றார் பெரியவர்.

“நீங்க?”

“அண்ணன் போன ஆறுதான்” என்றான் சரிண்ணே.

“எனக்கு ஆத்துப் பேரெல்லாம் ஞாபகம் இருக்கறதில்ல” என்றாள் அக்கா, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி.

என் வீட்டுக்காரரிடம் வந்தாள். அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், காலை வணக்கம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்தது நான்.

“நான் எந்த ஆத்துலயும் போனதில்ல. எனக்கு இது தெரியாது.”

வாரை இழுத்த கை அப்படியே நின்றது. பெரியவர் சிரித்தார். “விளையாடறா. அவ எப்பவும் இப்படித்தான்.”

“விளையாடல மாமா. எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்லிட்டு இந்தச் சத்தத்துக்குள்ள போக நான் தயாரா இல்ல.”

“ஊரு பேரு தெரியாத இடத்துல வந்து குடும்ப மானத்தைக் கப்பலேத்தாதே” என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

“கப்பல்ல ஏறட்டும்க்கா. கப்பல் பெரிசு, கவுழாது. இந்த ரப்பர் படகுல ஏத்தாம இருந்தா போதும்.”

கேப்டன் எங்கள் சண்டையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீச்சல் வருமா என்று கேட்டாள். பள்ளியில் படிக்கும்போது நகராட்சிக் குளத்தில் கற்றுக்கொண்டேன், இப்போதும் மிதக்க வரும் என்றேன். துடுப்பு? பூங்கா ஏரியில் தள்ளியிருக்கிறேன், வாத்துக்கு வழிவிட்டு. அவள் சிரித்தாள். “அப்ப உங்களுக்கு ரெண்டாவது நிலைதான்க்கா. நல்லா இருக்கும். இன்னும் கொஞ்ச நேரத்துல ஒரு வேன் கிளம்புது, அதுல ஏறிக்குங்க.”

“அதைத்தான் நானும் நினைச்சேன்.”

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். நான் முதலில் உடைத்துவிட்டால் இவருக்கும் வாய் திறக்கும், என் பின்னாலேயே வந்துவிடுவார் என்பது என் கணக்கு. பூனைக்கு மணி கட்டியாகிவிட்டது, இனி மற்றவர் வேலை சுலபம்தானே. அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேப்டன் மற்ற நால்வரையும் கண்ணால் அளந்தாள். “ஒருத்தர் குறையறதால உக்கார்ற இடத்தை மாத்தணும். முன்னாடி பலமான ஆள் வேணும். நீங்க வாங்க சார்.” என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டினாள். “எல்லா அலையும் முதல்ல உங்க மூஞ்சிலதான் விழும். விழுந்தாலும் துடுப்பை நிறுத்தக்கூடாது. நிறுத்தினா படகு குறுக்கால திரும்பிடும். சரிதானே?”

அவர் முகத்தில் ரத்தம் இல்லை. உதடு அசைந்தது. “சரி” என்றார்.

என் வாயாலேயே அவரை நடுவிலிருந்து எடுத்து முன்னால் உட்கார வைத்துவிட்டேன். சொல்லவும் முடியாது, சத்தியம். சொல்லாமல் வேன் ஏறவும் முடியாது. சொன்னாலும் என்ன ஆகும்? “அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல, இவளுக்கு வேற வேலையில்ல” என்று அவரே சாதிப்பார், அண்ணனுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படகில் ஏறுவார். இந்த மனுஷர்களோடு எத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

படகு கரையில் பாதியும் தண்ணீரில் பாதியுமாகக் கிடந்தது. நேராகப் போய் அதில் ஏறினேன். முன்வரிசையில், அவருக்கென்று சொன்ன இடத்தில், உட்கார்ந்து காலை அடியிலிருந்த பட்டைக்குள் நுழைத்துக்கொண்டேன்.

“அக்கா, உங்க வேன் அந்தப் பக்கம்” என்றாள் கேப்டன்.

“தெரியும். இறங்க மாட்டேன்.”

“இந்தப் படகுல நீங்க வர முடியாதுக்கா.”

“வரலையே. சும்மா உக்காந்திருக்கேன். தெரியாதவ ஒருத்தி உள்ள இருக்கற வரைக்கும் இந்தப் படகை நீங்க தள்ளிவிட மாட்டீங்க இல்ல? தள்ளிடுவீங்களா?”

“மாட்டேன்.”

“அப்ப உக்காந்திருக்கேன்.”

பெரியவர் கத்திக்கொண்டு ஓடி வந்தார். “கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு? இறங்கு கீழ!” சரிண்ணேயைப் பார்த்து, “பிடிச்சு இறக்குடா அவளை” என்றார். சரிண்ணே ஒரு அடி எடுத்து வைத்தான். நான் துடுப்பை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தேன். எடுத்து வைத்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

“மாமா, எத்தனை வேணும்னாலும் கத்துங்க, இந்தச் சத்தத்துல எனக்குப் பாதிதான் கேக்குது.” பிறகு கேப்டனிடம் திரும்பினேன். “ஒரே ஒரு விஷயம் சொல்றேம்மா. போன்ல இவர் ‘அஞ்சு பேரும் பழகினவங்க’ன்னு சொன்னாரு. அஞ்சுல நானும் ஒருத்தி. என் விஷயத்துல அது பொய். அப்ப மத்த நாலு பேரைப் பத்தி அதே வாய் சொன்னதை நீ ஏன் நம்பறே?”

கேப்டன் என் பக்கம் திரும்பினாள்.

“குழாயை ஒட்டறது என் தொழில். ஒட்டினவ நானே ‘கசியாது’ன்னு சொன்னாலும் கேஸ் ஏத்த மாட்டேன். அழுத்திப் பாப்பேன். அதுக்கப்புறம்தான் ஏத்துவேன். உனக்கும் ஒரு வழி இருக்கும் இல்ல, வாயால கேக்காம பாக்கறதுக்கு?”

அவள் நால்வரையும் மறுபடி பார்த்தாள். இந்த முறை தோளைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள். என் வீட்டுக்காரரிடம் கண் கொஞ்சம் தங்கியது. தன் துடுப்பை மணலில் குத்தி நிறுத்தினாள்.

“நேரா இறங்கறது கிடையாது. எல்லாரும் இந்தக் குளத்துக்கு வாங்க. ஒவ்வொருத்தரா குப்புற விழணும். முகத்தை உள்ள வெச்சு ஒரு மூச்சு அடக்கணும். அப்புறம் மல்லாந்து மிதந்து வந்து, இந்தக் கயித்தைப் பிடிச்சு நீங்களே படகுல ஏறணும். பழகினவங்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல.”

“தாராளமா” என்றார் பெரியவர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆள் அவர். தண்ணீருக்கு மட்டும் பயப்படுவாரா? கையை வீசிக்கொண்டு ஓடிப்போய் விழுந்தார். சத்தம் பலமாக இருந்தது. எழுந்தபோது இருமல் அதைவிடப் பலமாக இருந்தது. கயிற்றைப் பிடித்துவிட்டார், ஏறத்தான் முடியவில்லை. மூன்று தரம் எக்கிப் பார்த்து மூன்று தரமும் வழுக்கினார். கடைசியில் கேப்டன் ஜாக்கெட் வாரைப் பிடித்து, கோணி மூட்டையை லாரியில் ஏற்றுவதுபோல இழுத்து என் காலடியில் போட்டாள். நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் இல்லை.

சரிண்ணே விழுந்தான், மிதந்தான், ஏறினான். ஒரு குறையும் இல்லை. யாரையும் பார்க்காமல் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டான். அக்கா தலைவலி என்று சொல்லி ஜாக்கெட்டைக் கழற்றிக் கொட்டகை பெஞ்சில் வைத்தாள்.

மிச்சம் இவர்தான்.

முழங்கால் அளவு தண்ணீரில் போய் நின்றார். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளினார், முகத்துக்குக் கொண்டு போனார், விரல் வழியாக எல்லாம் ஒழுகும்வரை அப்படியே வைத்திருந்தார். மார்பு ஏறி ஏறி இறங்கியது. எனக்கு எழுந்து ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டும்போல இருந்தது. பட்டைக்குள் இருந்த காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். இங்கே நான் போய் இழுத்து வந்தால், அடுத்த முறை வேறொரு ஆறு, வேறொரு அண்ணன் பேச்சு. அவரே வர வேண்டும்.

“விழுடா” என்றார் பெரியவர், இருமலுக்கு நடுவே. “என்ன யோசனை?”

இவர் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தார். “முடியாதுண்ணே. மூஞ்சியில தண்ணி பட்டா எனக்கு மூச்சு நின்னுடும். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். நான் இறங்க மாட்டேன்.”

பெரியவர் படகுக்குள் எழுந்து உட்கார்ந்தார். “என்னடா உளர்றே? இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லல?”

“நீ எங்கண்ணே கேட்டே? எல்லாருக்கும் சேத்து நீயே பதில் சொல்லிடுவே. நான் எந்த இடத்துல சொல்றது?”

“பொண்டாட்டி சொல்லிக் குடுத்தாளா?”

“அவ சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். சொல்லியிருந்தா இல்லேன்னு அடிச்சுப் பேசிட்டு ஏறியிருப்பேன்.”

பெரியவர் படகிலிருந்து தட்டுத்தடுமாறி இறங்கி என் முன்னால் வந்து நின்றார். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கண் சிவந்திருந்தது, அழுகையா ஆற்றுத் தண்ணீரா என்று சொல்ல முடியாது. “என் தம்பியை இத்தனை பேர் முன்னாடி கோழையாக்கிட்டே. இனிமே பட்டறையில என் மூஞ்சில முழிக்காதே.”

“உங்க தம்பி உயிரோட நிக்கறாரு மாமா. அவருக்கு நீங்க என்ன பேரு வேணும்னாலும் வெச்சுக்குங்க. பட்டறைக்கு வருவேன். ஒட்டற வேலை எனக்குத்தான் வரும், உங்களுக்கு வராது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு உக்காருங்க.”

அவர் திரும்பிக் கரைக்கு நடந்தார். அப்போதுதான் நான் படகை விட்டு இறங்கினேன். கால் மரத்துப்போயிருந்தது.

நாலாவது நிலைக்கு எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. கேப்டன் ஒவ்வொருவருக்காகச் சொன்னாள். சரிண்ணேக்கு மூன்று. அவன் அண்ணனைப் பார்த்தான், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டு வேறொரு கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டான். பெரியவருக்கு இரண்டு. “ரெண்டா? இவ போற படகுலயா?” என்று கொட்டகையில் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரருக்கு ஒன்று. “அதுல அலையே கிடையாது சார். தெறிச்சாலும் முழங்காலுக்கு மேல வராது. பயமா இருந்தா எந்த இடத்துலயும் நிறுத்தச் சொல்லலாம்” என்றாள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

“நீயும் ஒண்ணுக்கே வாயேன். துணைக்கு.”

மனசு இளகத்தான் செய்தது. பச்சைப்பிள்ளை மாதிரி நின்றார். இத்தனை வருஷமாக அவர் வா என்று கை நீட்டினால் போயிருக்கிறேன். ஆனால் இத்தனை ரகளைக்கும் நடுவே, அந்தச் சுவர்ப் படத்தில் என்னுடைய இடத்தை நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அண்ணனுக்காக நாலுக்கு ஏறாதவள், தம்பிக்காக ஒன்றுக்கு இறங்க வேண்டுமா?

“மாட்டேங்க” என்றேன். “எனக்கு ரெண்டு.”

“இவ்வளவு செஞ்சுட்டுத் தனியா விடறியே.”

“சாகாம பாத்துக்கறது என் பொறுப்பு, பாத்துட்டேன். சும்மா மிதக்கறதை நீங்களே பாத்துக்குங்க.”

அவர் முகம் சுருங்கியது. சுருங்கட்டும் என்று நான் வேன் ஏறினேன்.

படகில் முன்பின் தெரியாதவர்கள். ஒரு அப்பாவும் மகளும், ஒரு பல் மருத்துவர், ஓய்வு பெற்ற ஒரு ரயில்வேக்காரர். “முன்னாடி யார்?” என்று படகோட்டி கேட்டபோது நான் கை தூக்கினேன். முதல் வளைவு வரை சவடாலாகத்தான் இருந்தேன். வளைவைத் தாண்டியதும் தண்ணீர் வெள்ளையாக எழுந்து நின்றது. கரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சின்ன அலை. முன்னால் உட்கார்ந்தவளுக்கு அது சின்னதில்லை. “தள்ளு, தள்ளு” என்று பின்னாலிருந்து கத்தினார்கள். தள்ளினேன். அலை முகத்தில் அறைந்தது. கண், மூக்கு, வாய், எல்லாம் தண்ணீர். இதுவா அவர் மூச்சை நிறுத்துகிற தண்ணீர் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்தப் பாறை இடுக்கில் அவர் முன்னால் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் கண்டதுபோல இருந்தது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. அடுத்த அலையைத் துடுப்பால் அடித்தேன், அதற்கடுத்ததையும் அடித்தேன். அலறிக்கொண்டே அடித்தேன். பக்கத்திலிருந்த பல் மருத்துவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பது அவர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

ஆறு திடீரென்று விரிந்து சத்தம் அடங்கியது. வெயிலில் பரந்து கிடந்த தண்ணீரில் இன்னொரு படகு தேமே என்று போய்க்கொண்டிருந்தது. தொப்பி போட்ட கிழவர்கள், இரண்டு குழந்தைகள், நடுவில் ஆறடிக்கு என் வீட்டுக்காரர். முகம் காய்ந்திருந்தது. ஒரு கையைப் படகுக்கு வெளியே விட்டு விரலால் தண்ணீரைக் கோடு கிழித்துக்கொண்டு வந்தார். எங்கள் படகைப் பார்த்ததும் அந்தக் கையை எடுத்து ஆட்டினார்.

“பயமா இருந்துச்சா?” என்று கத்தினார். அந்தக் குடும்பத்தில் யாரும் யாரிடமும் கேட்டிராத கேள்வி.

இரண்டு படகும் திரும்பிப் பார்த்தன. நான் துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, குரல் பாறையில் போய் மோதும்படி கத்தினேன்.

“ரொம்பப் பயமா இருந்துச்சு! நாளைக்கும் வருவேன்!”